வீட்டுக்குள் வராத தைலம்

"தலைவலி மண்டையைப் பிளக்குது. கொஞ்சூண்டு தைலம் தடவிக்கிட்டா என்ன, குடியா முழுகிடப் போகுது?"

"முழுகிடும்! அந்த மென்தால் நெடி பட்டா என் மூக்கு மரத்துடும். இந்த மூக்காலதான் நம்ம வீட்ல அடுப்பு எரியுது, தெரியுமில்ல?"

தெரியும். சோப்புக் கம்பெனியில் ஒவ்வொரு வாசனையையும் முகர்ந்து பார்த்து, சரியா தப்பா என்று சொல்வதுதான் அவள் கணவரின் வேலை. ஆனால் பதினெட்டு வருடமாக இல்லாத சட்டம் இது. மூன்று மாதம் முன்பு காய்ச்சலில் படுத்து எழுந்ததும் போட்டார். தைலம், இருமல் மிட்டாய், வியர்க்குருப் பவுடர் எல்லாம் குப்பைக்குப் போயின. பற்பசையைக்கூட விடவில்லை. உப்பில் பல் தேய்த்து அவளுக்கு ஈறு எரிந்ததுதான் மிச்சம்.

அவர் வேலைக்குப் போனதும் பக்கத்துக் கடையில் தைலம் வாங்கி வந்தாள். மாலை அவர் செருப்பைக் கழற்றும்போது நெற்றி முழுக்க அப்பிக்கொண்டாள். கத்தட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று அவரை உரசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் கத்தவில்லை.

"பாத்தியா, தைலமில்லாமலே தெம்பா இருக்க! இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றவர், கண்ணைக் கசக்கினார். "என்னடி, கண்ணு இப்படி எரியுது? வெங்காயம் நறுக்கினியா?"

வாய்வரை வந்த சண்டை அப்படியே நின்றது. அந்த மூக்கு போய் மூன்று மாதமாகிறது என்று அவளுக்கு உறைத்தது.

"ஆமாங்க, வெங்காயம்தான்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், அதுவரை தொடாத வெங்காயத்தை எடுத்து அவசரமாக நறுக்கத் தொடங்கினாள்.