நாற்பதில் நின்ற எண்

"மூணு பேர் ஏறிட்டா போதும்மா, மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போற மருமக மாதிரி நகருது," என்றார் வண்டிக்காரர்.

பட்டறையில் காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். மெக்கானிக் சிரித்தாளா என்பது தெரியவில்லை. அவளுடைய தலை அப்போது பானெட்டுக்கு அடியில் இருந்தது.

ஏழு பேர் அமரக்கூடிய குடும்ப வண்டி அது. ஒன்றரை மாதமாக வேகம் எடுக்க மறுக்கிறது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. இரண்டு பட்டறைகள் கைவிரித்த பிறகு அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அவருடைய மகள், பிறந்து நான்கே நாளான பேத்தியோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறாள். இருவரையும் இந்த வண்டியில்தான், அதுவும் தாமே ஓட்டி அழைத்து வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குள் சரிசெய்து தர இயலுமா என்று கூடப்பிறந்தவளிடம் கேட்பதைப் போலக் கேட்டிருந்தார்.

அவளும் அண்ணனுடைய வண்டியைப் பார்ப்பதைப் போலத்தான் அதைப் பார்த்தாள்.

ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டீசல் ஃபில்டர் சென்ற வாரம் மாற்றப்பட்டது. டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று செல்லும் குழாயில் கசிவு இருக்கிறதோ என்று, அதன் நெடுகச் சோப்பு நீர் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. பிரேக் எங்கேனும் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று வண்டியை உயர்த்தி, நான்கு சக்கரங்களையும் கையால் சுழற்றினாள். நான்கும் தங்குதடையின்றிச் சுழன்றன.

சந்தேகம் தீர அவளே ஓட்டிப் பார்த்தாள். அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டார்.

பாலத்து மேட்டில் வண்டி வில்லிலிருந்து விடுபட்ட அம்பாகப் பாய்ந்தது.

"பாத்தீங்களா, என்னைத்தான் இதுக்குப் பிடிக்கல! முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன், எந்த வண்டியிலயும் ஒரு கீறல் விட்டது கிடையாது. இது மட்டும் என்கிட்ட வம்பு பண்ணுது."

திரும்பும்போது அவரை ஓட்டச் சொன்னாள். அதே பாலம், அதே மேடு. வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்த சைக்கிள் ஒன்று மணியடித்துவிட்டு முந்திச் சென்றது.

அவளுடைய மடியில், வண்டியின் கணினியோடு இணைத்த ஸ்கேனர் இருந்தது. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்பதை அதில் ஓர் எண் காட்டும். காலையில் அவள் மிதித்துச் சோதித்தபோது நூற்றைத் தொட்ட எண், இப்போது நாற்பதில் நின்றது.

"முழுசா மிதிங்கண்ணே."

"தரையோட தரையாத்தாம்மா மிதிச்சிருக்கேன்."

அவள் குனிந்து பார்த்தாள். பெடலுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல்கள் தாராளமாக நுழையும். அவருடைய முகத்திலோ, இருந்த பலம் அனைத்தையும் கொடுத்துவிட்டவரின் இறுக்கம்.

பட்டறைக்கு வந்ததும் அவர் இறங்கி, கைப்பேசியில் மகளோடு பேசியபடி முற்றத்தின் நடுவில் போய் நின்றார். உச்சி வெயிலில் வெந்து கிடந்த சிமெண்டுத் தரை. வெறுங்காலோடு அதில் இரண்டடி வைப்பவர் மூன்றாவது அடியை ஓடித்தான் வைப்பார்.

அவருடைய வலது காலில் செருப்பு இல்லை. அது வண்டிக்குள், ஓட்டுநர் இருக்கையின் அடியில் கிடந்தது.

அவர் அசையாமல் நின்று, பேத்திக்கு யாருடைய மூக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவள் செருப்பை எடுத்துச் சென்று காலருகே வைத்தாள்.

"அட, இது எப்பக் கழண்டுச்சு?" என்று சிரித்தார்.

அவளுடைய மாமனாரின் செருப்பும் இப்படித்தான் வீடெங்கும் ஒற்றை ஒற்றையாகக் கிடந்தது. சர்க்கரை நோயில் பாதம் மரத்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் காரணம் விளங்கியது.

வண்டியில் ஒரு பழுதும் இல்லை. பிரேக்கை மிதிப்பதும் அதே கால்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். முப்பது வருடம் ஒரு கீறல் விடாதவரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். இதமாகச் சொல்லத் தெரிந்த ஒரு மருத்துவர் சொல்லட்டுமே. அதுவரை வண்டி தன்னிடம் நின்றால் போதாதா?

"ஒரு பார்ட் வரணும்ண்ணே. பத்து நாளாவது ஆகும். சாவி இங்கேயே இருக்கட்டும்," என்றாள். பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியதைப் போல, "அந்தக் காலையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்கண்ணே," என்றாள்.

"காலுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கு!"

முகம் சற்று வாடினாலும் அவர் விரைவிலேயே தேறிக்கொண்டார். மருமகன் வாடகைக் கார் பிடித்துக்கொள்வான், குழந்தை பத்திரமாக வந்து சேர்ந்தால் சரி என்றார். சாவியை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

வாசல் வரை நடந்தவர், மறந்துபோன ஒன்றைச் சொல்வதற்காக நின்றார்.

"இது முடியட்டும், இன்னொண்ணையும் கொண்டாந்து விடுறேன், பாத்துக் குடும்மா. நான் ஓட்டுற ஸ்கூல் பஸ்ஸும் கொஞ்ச நாளா இழுக்க மாட்டேங்குது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மூணு மணிக்குப் பிள்ளைங்களை ஏத்தணும். வரட்டுமா?"

அவள் ஓடிச் சென்று அவருக்கும் வாசலுக்கும் நடுவே நின்றுகொண்டாள்.

"பார்ட் எதுவும் வர வேண்டியதில்லண்ணே," என்றாள். "கொஞ்சம் உட்காருங்க."