வாத்து ஒட்டிய ஹெல்மெட்

நானும் நண்பனும் ஆளுக்கொரு பைக்கில் விடிந்ததும் கிளம்பி, மெயின் ரோட்டை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாக மலையேறினோம். அவன் எக்ஸ்ரே எடுப்பவன். லீவு கிடைப்பதே அபூர்வம் என்பதால் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தான்.

பாதி மலையில் என் பின்சக்கரம் பஞ்சரானது. அங்கிருந்த ஒரே கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வந்துட்டீங்களா தம்பி? நேத்து இதை விட்டுட்டு அழுதுக்கிட்டே போனீங்க. எடுத்து வெச்சிருக்கேன்” என்று ஒரு ஹெல்மெட்டை நீட்டினார்.

நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஹெல்மெட் இடது பக்கம் பிளந்திருந்தது. பின்புறம் நண்பனின் மகள் ஒட்டிய மஞ்சள் வாத்து ஸ்டிக்கர். உள்ளே பஞ்சில் ரத்தம் ஈரமாக இருந்தது. அதே வாத்து ஒட்டிய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியபடி நண்பன் என் பக்கத்தில் நின்றான்.

பஞ்சர் ஒட்டி முடித்ததும் அவன், “வீட்டுக்குப் போயிடலாம்டா” என்றான்.

அவனை முன்னால் விட்டு நான் பின்னால் வர, மெதுவாக இறங்கினோம். ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ந்தான். மறுநாளே பைக்கை விற்றான். உடைந்த ஹெல்மெட்டை அவன் வீட்டில் வைக்க முடியாது என்று நான் கொண்டுவந்து, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் கவிழ்க்காமல் வைத்தேன்.

நாலு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறான். நலம்கூட விசாரிப்பதில்லை.

“காஞ்சிருச்சாடா?”

“இன்னும் இல்லடா.”