யாரைக் கூப்பிடறாங்க?

"ஏழாம் நம்பர் அம்மாவை மேல் மாடிக்குத் தள்ளிவிட ஸ்கேல் காரணம் தேடுது," என்றார் சமையல்காரர், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

'ஸ்கேல்' என்பது, பல நாட்டவர் வேலை பார்க்கும் அந்த முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். நிற்பதும் நேர், பேசுவதும் நேர், வளையவே மாட்டார்.

"எதுக்கு?" என்றார் வார்டு உதவியாளர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்த நாள் குறைவு.

"அந்த அம்மா நாள் பூரா ஒரே வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடறாங்கல்ல, 'அன்னே, அன்னே'ன்னு. நேத்து மட்டும் எழுபத்தி மூணு தடவையாம். நிர்வாகம் ஒரு படிவம் அனுப்பியிருக்கு. 'இல்லாத ஆளைக் கூப்பிடுகிறாரா?' ஆமான்னு எழுதினா அவ்வளவுதான்."

மேல் மாடியை நெட்டை பார்த்திருக்கிறார். அங்கே தாழ்ப்பாள் கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கும். சாப்பாட்டோடு தூக்க மாத்திரையும் வரும்.

"இப்ப ஸ்கேல் நோட்டும் கையுமா எல்லார்கிட்டயும் போய், 'இந்த வார்த்தைக்கு உங்க மொழியில என்ன அர்த்தம்'னு கேட்டுக்கிட்டிருக்கு. சலவைக்கு வர்ற ஜப்பான்காரம்மா, அக்கான்னு சொன்னாங்களாம். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல வருஷம். கொரியாக்காரர் தரை துடைச்சுக்கிட்டே, 'கிட்டத்தட்ட பொண்டாட்டி மாதிரி கேக்குது'ன்னுட்டு ஒரே வெட்கம். ஆம்புலன்ஸ் டிரைவர், 'அரபியில அனான்னா நான். ஆனா அந்தம்மா என்னை எதுக்குக் கூப்பிடணும்?'னு நழுவிட்டார்."

நெட்டை சிரித்தார். "எல்லாம் தப்பு. அது எங்க தமிழ். அண்ணேன்னா அண்ணன். என்னைத்தான் கூப்பிடறாங்க."

"எண்பத்தாறு வயசு அம்மாவுக்கு நீ அண்ணனா?"

"மரியாதைக்கு யாரையும் கூப்பிடுவோம். நான் வீட்டுல கடைக்குட்டி. இந்த நாப்பத்தொரு வயசுல என்னை அண்ணேன்னு கூப்பிட்ட முதல் ஆள் அவங்கதான்."

அதில் அவருக்கு ஒரு பெருமை. இங்கே வரும் முன்பே பக்கவாதம் வந்து அந்த அம்மாவுக்கு மற்ற சொற்கள் எல்லாம் போய்விட்டன; அவர் மொழி எதுவென்று வேலையாட்களுக்குத் தெரியாது. மிஞ்சியது இது ஒன்றுதான். குரல் கேட்டதும் நெட்டை ஓடுவார். "இதோ வந்துட்டேம்மா," என்று கையைப் பிடித்துக்கொள்வார். அந்த அம்மாவின் முகம் மெல்லத் தெளியும்.

மறுநாள் பகல் வெளியூரிலிருந்து மகள் வந்தாள். கட்டிலருகே குனிந்து, "அன்னே," என்றாள்.

தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த நெட்டை திரும்பிப் பார்த்தார். "நீங்களும் அவங்களை அண்ணன்னுதான் கூப்பிடுவீங்களா?"

மகளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கியதும் சிரித்துவிட்டாள். "இது துருக்கி மொழி. அன்னேன்னா அம்மா."

"அப்ப இவங்க கூப்பிடறது..."

"இவங்களோட அம்மாவை. அவங்க போய் அறுபது வருஷம் ஆகுது." மகள் தாயின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "குழந்தை வாயில தானா வர்ற சத்தம்தானே இதெல்லாம். அதனாலதான் ஒவ்வொரு மொழியிலயும் ஒவ்வொரு சொந்தமா நிக்குது போல."

நெட்டை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்க மொழியிலயும் அன்னைன்னா அம்மாதானே என்று அப்போதுதான் உறைத்தது. பள்ளிப் புத்தகத்தில் படித்தது. வாயில் புழங்காததால் நினைவுக்கே வரவில்லை.

இத்தனை நாளும் தன்னைக் கூப்பிடவில்லை என்பது கொஞ்சம் சுட்டது. அடுத்த நிமிஷமே மேல் மாடிக் கதவு நினைவுக்கு வந்தது. அறுபது வருஷத்துக்கு முன் இறந்தவரைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தால், படிவத்தில் 'ஆம்' விழுந்துவிடும்.

சாயங்காலம் ஸ்கேல் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் படிவம் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது.

"நீதான் பாக்கி. அந்த வார்த்தைக்கு உங்க மொழியில என்ன அர்த்தம்?"

நெட்டை படிவத்தைப் பார்த்தார். பதினோரு வருஷ வேலையில் ஒரு காய்ச்சல் அளவைக்கூட அவர் மாற்றி எழுதியதில்லை.

"அண்ணன்னு அர்த்தம், மேடம்."

"அப்ப யாரைக் கூப்பிடறாங்க?"

"என்னைத்தான்."

"நிச்சயமா?"

"எங்க மொழி எனக்குத் தெரியாதா, மேடம்? நான் போய்க் கையைப் பிடிச்சா அடங்கிடறாங்க. வேணும்னா வந்து பாருங்க."

ஸ்கேல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெட்டையின் காது சிவந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார்.

ஸ்கேல் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். கீழே, 'வார்டு உதவியாளரை அழைக்கிறார். அவர் சென்றதும் அமைதியாகிறார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நெட்டை கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

"கொஞ்சம் நில்லு. நாளைக்கு டாக்டர் வந்து உன்னைக் கேட்பார். இப்படித் திருடன் மாதிரி முழிக்காதே. நிமிர்ந்து நின்னு சொல்லு."

"மேடம்...?"

ஸ்கேல் படிவத்தை உறையில் போட்டு ஒட்டினார். "அந்த அம்மாவைச் சேர்த்த அன்னிக்கே மகள்கிட்ட அர்த்தம் கேட்டுட்டேன்ப்பா. நான் தேடிக்கிட்டிருந்தது, 'என்னைத்தான் கூப்பிடறாங்க'ன்னு சொல்ல ஒரு ஆளை."