மணிமாறனின் பக்கம்

ஒற்றை விரலால் தட்டியே உத்தியோகம் பார்த்த மணிமாறன் இறந்த பிறகும் அவருடைய கணினிக் கணக்கை யாரும் மூடவில்லை. அலுவலகத்தின் பாதி வேலைகள் அவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. உள் இணையதளத்தில் அவர் பக்கத்தை யார் திறந்தாலும், திறந்தவர் பெயரிலேயே கீழே ஒரு வரி விழுந்தது: ‘நான் இங்கேதான் இருக்கிறேன்.’

சர்வரைக் கவனித்துக்கொள்ளும் ரெஜினா காரணத்தைக் கண்டுபிடித்தாள். தன்னைப் பற்றி எழுதும் கட்டத்துக்குள் மணிமாறன் ஒரு சின்ன நிரலைப் போட்டு வைத்திருந்தார். சர்வர் அதை எழுத்தாகக் காட்டாமல், கட்டளையாக ஓடவிட்டது. மதியம் அந்த ஓட்டையை அடைத்து, விழுந்த வரிகளையெல்லாம் அழித்தாள். நிரல் இப்போது வெறும் எழுத்தாகப் பக்கத்தில் கிடந்தது.

“இனிமே வராது. நீங்களே திறந்து பாருங்க சார்,” என்றாள் பக்கத்து மேஜை கிருபாகரனிடம்.

அவர் திறந்தார். எதுவும் விழவில்லை. பக்கத்தில் கிடந்த நிரலை முழுக்கப் படித்தார். பத்து விரலும் பறக்கத் தட்டுகிற மனிதர், ஒற்றை விரலை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார்: ‘நான் இங்கே…’

“என்ன சார் பண்றீங்க?”

பின்னால் இருந்த மேஜைகளிலும் அதே நிதானத்தில் தட்டும் சத்தம் எழுந்தது. ரெஜினா தன் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.