அம்மா பேரு என்ன?

"உங்க அம்மா பேரு என்ன?"

என் கடைக்குள், நாலு வாடிக்கையாளர் முன்னால் நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டாள்.

எங்கள் தஹ்தா ஊர்க் கடைத்தெருவில் இந்தக் கேள்விக்காகக் கத்தி உருவியவர்களை எனக்குத் தெரியும். அப்பா வழியைக் கேள், எட்டுத் தலைமுறையை மூச்சு விடாமல் சொல்வேன். அம்மா பேரை வெளியாள் காதில் போடுகிற ஆம்பளை இந்த ஊரில் கிடையாது.

"பம்பு வாங்க வந்தியா, வம்பு வாங்க வந்தியா?" என்றேன்.

"கோபப்படாதீங்க துசூகி ஹாஜியாரே. நான் டாக்டர் இனாஸ். ஆஸ்பத்திரியிலேருந்து வரேன். இந்த ஊர்ல பதினோரு பேருக்கு ஜுரத்துக்கு ஊசி போட்டதும் காது போயிடுச்சு. அத்தனை பேரும் ஒரே கிழவியோட பெண்வழி. அந்தக் கிழவியோட பொண்ணுங்க எந்தெந்த வீட்டுல வாழ்க்கைப்பட்டாங்கன்னு தேடறேன். பழைய ஏட்டுல பொம்பளைங்க பேரே இல்லை."

"ஊசி குத்தறது இடுப்புல. காது எப்படிப் போகும்?"

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி எஞ்சின் இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. தனக்கு வேணும்கிற புரதத்துல கொஞ்சத்தை உள்ளேயே பட்டறை போட்டு அதுவே செஞ்சுக்கும். கிருமிக்குள்ளயும் ஒரு பட்டறை உண்டு. அதை முடக்கத்தான் அந்த ஊசி. இந்தக் குடும்பத்துல எஞ்சினோட பட்டறை கிட்டத்தட்ட கிருமியோடது மாதிரி அமைஞ்சுபோச்சு. ஊசி ஆள் தெரியாம அதையும் முடக்கிடுது. காது செத்துடுது."

"அதுக்கு அம்மா பேரு எதுக்கு?"

"அந்த எஞ்சின் அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும். உங்க பிள்ளைங்களுக்கு உங்களால வராது. உங்க அக்கா தங்கச்சி பிள்ளைங்களுக்கு வரலாம்."

அப்பன் பங்கே இல்லாத சொத்தா? யாருக்குக் காது குத்துகிறாள்?

எதிர்க்கடையைப் பார்த்தேன். பக்ரி வாசலில் நின்று இந்தப் பக்கமே கண்ணாக இருந்தான். அவனும் பம்புக்காரன்தான். போன வாரம் அவன் பேசி முடித்த பெரிய ஆர்டரை நான் இடையில் புகுந்து தட்டிவிட்டேன். "நீ எப்படி விளங்கறேன்னு பார்க்கறேன்" என்று கத்தியிருந்தான்.

எனக்குப் பொறி தட்டியது. சூனியக்காரன் முதலில் கேட்பதும் அம்மா பேரைத்தான். அப்பன் பேரில் வைத்தால் சூனியம் பிடிக்காதாம்.

"எழுதிக்கோ. நபவிய்யா" என்றேன். என் அம்மா பேர் அதில்லை.

"அவங்க அம்மா?"

"அவங்களும் நபவிய்யாதான். அந்தக் காலத்துல பேருக்குப் பஞ்சம்."

நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். துருப்பிடித்த பம்புக்குப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்ட திருப்தி எனக்கு.

நேரே பக்ரி கடைக்குத்தான் போனாள். அவள் நோட்டை அவன் எட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து ஏதோ கிசுகிசுத்தான். அவள் எதையோ அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

அவன் வீட்டு மாடியும் எங்கள் வீட்டு மாடியும் ஒட்டினாற்போல. அவன் அம்மா என் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடாத நாளே கிடையாது. என் பாட்டி பேர்கூட அவனுக்குத் தெரியும்.

டாக்டர் தெரு தாண்டும் வரைதான் பொறுத்தேன். தாவிப் போய் விட்டேன் ஒரு அறை. அவன் தலைப்பாகை சாக்கடை ஓரம் உருண்டது.

"என் அம்மா பேரை என்ன விலைக்குடா வித்தே?"

பக்ரி என்னைவிட இரண்டு மடங்கு ஆள். திருப்பி அடித்திருந்தால் நான் எழுந்திருக்கமாட்டேன். தலைப்பாகையை எடுத்துத் தட்டினான்.

"யாவாரம் முடிஞ்சுது ஹாஜி. போய்க் கடையைப் பாரு."

இரண்டு மாதம் கழித்து என் தங்கை ஸக்கிய்யாவின் மகள் ஷுரூக்குக்கு நெருப்பாக ஜுரம். நாலு வயசு. சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நர்ஸ் ஊசியோடு வந்து, "பிள்ளையோட அம்மாவைப் பெத்த அம்மா பேரு?" என்றாள். வார்டில் புது விதியாம்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் நர்ஸ் காதோடு சொன்னாள்.

நர்ஸ் சுவரில் இருந்த பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

வந்தது அதே டாக்டர் இனாஸ். "இந்தப் பிள்ளைக்கு அந்த ஊசி கூடவே கூடாது. மருந்தை மாத்துங்க!"

மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. கதவுக்குப் பின்னால் நின்று, "ஷுரூக்" என்றேன் மெதுவாக.

"மாமா, எனக்கு மாம்பழ ஜூஸ்" என்றாள்.

தாழ்வாரத்தில் டாக்டரை நிறுத்தினேன். "டாக்டரம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய்ப்பேரு."

"பட்டியல்ல நிஜப்பேருதானே இருக்கு?"

"அது பக்ரி சொன்னது. பிள்ளை காது தப்பிச்சுது, அந்தமட்டும் சரி. ஆனா என் அம்மா பேரை அந்நிய ஆம்பளை ஒருத்தன் சொன்னான்னு உங்க ஏட்டுல ஏறியிருக்கு பாருங்க, அதுக்கு மட்டும் அவனை விடமாட்டேன்!"

"பக்ரின்னு யாரும் இதுல இல்லையே" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

நபவிய்யா அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே என் அம்மா, அவள் அம்மா, இருவர் பேரும். பக்கத்தில், 'சொன்னவர்: மகன், துசூகி ஹாஜியார்.'

"'ஆளுங்க முன்னால ஹாஜிக்குக் கூச்சம், நிஜப்பேரை என்கிட்ட சொல்லி வெச்சிருக்கார், அவர் வாயால சொன்னதாவே எழுதிக்கங்க'ன்னாரே எதிர்க்கடைக்காரர்" என்றாள் டாக்டர். "ஏன், நீங்க சொல்லலையா?"