இறுகிய கை

பொற்கொடி வந்து சேர்ந்தபோது இறந்துபோன அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவளது வலது கையோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். போர்வை நுனியைப் பற்றியிருந்த விரல்களைப் பிரிக்கவே முடியவில்லை.

"மனசுல என்னத்தையோ வச்சுக்கிட்டுப் போயிட்டா. விடமாட்டேங்குறா பாரு" என்று சித்தி அழுதாள்.

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தும் பொற்கொடிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மனசெல்லாம் இல்ல சித்தி. தசை செல்லுக்கு இறுகுறதுக்கு மட்டுமில்ல, தளர்றதுக்கும் சக்தி வேணும். மூச்சு நின்னா அந்தச் சக்தி தீர்ந்துபோயிடும். அதான் அப்படியே பூட்டிக்கிச்சு. நாளைக்குத் தானா விட்டுடும்."

கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல் அது. அழுகைச் சத்தம் நின்றுபோனது.

"நாளைக்கு அவ எங்கடி இருப்பா?" என்றாள் சித்தி.

பொற்கொடிக்குக் காது மடல்கள் எரிந்தன. வந்ததிலிருந்து அம்மாவை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஈரத் தரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். எல்லோரும் அந்தக் கையையே பார்க்க, அது பாதியில் நின்றது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய வாங்கடி" என்று மற்றவர்களை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

தனியாக விட்ட பிறகும் பொற்கொடியின் கை பாதி வழியிலேயே நின்றிருந்தது.