சுக்கு மேய்ந்த புல்

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது சுக்கு புல்லின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் இல்லை. நடுவில்.

மணி ஆறரை ஆகிவிட்டதா என்று பதறியபடி அவள் பூனையை அள்ளினாள். வாயில் கவ்விய புல்லை விடாமலே அது கூட வந்தது. குளியலறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். ஒரு நிமிஷம் சார் என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் பொன்னையா தினமும் இந்த நேரத்துக்கு மாடி ஏறி வருவார். கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். ஒரு பிடி புல்லுக்காக.

எல்லாம் ஒரே ஒரு பொய்யில் ஆரம்பித்தது.

வீடு பார்க்க வந்த அன்று, நாய் பூனை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அதற்கு முன் மூன்று வீடுகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. உண்மைக்கு உறையூரில் யாரும் மாடிப் போர்ஷன் தருவதாக இல்லை.

எட்டு மாதமாகச் சுக்கு மண்ணை மிதிக்கவில்லை. எந்நேரமும் திரை போட்ட ஜன்னல், அடைத்த கதவு. ஒல்லியாகவும் பழுப்பாகவும் இருந்ததால் வைத்த பெயர் அது. உட்கார்ந்து உட்கார்ந்து ஒல்லி போய்விட்டது.

பழைய வீட்டில் வாசலில் இறங்கி அருகம்புல் கடிக்கும். இங்கே ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது பூந்துடைப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

காய்ந்த துடைப்பத்தை. கண்ணை மூடிக்கொண்டு.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பிரியாணி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டாள். தேங்காய் நார்த்தூளை நிரப்பினாள். ரேஷன் கோதுமையை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் தூவினாள். எட்டாம் நாள் விரல் நீளத்துக்குப் புல் நின்றது.

சுக்கு முதலில் மோந்து பார்த்தது. பிறகு தலையைச் சாய்த்துக் கடைவாயால் கடித்தது. நறுக், நறுக் என்று சத்தம். அவள் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தாள். கோயிலில்கூட அவ்வளவு நேரம் எதையும் அவள் பார்த்ததில்லை.

டப்பாவை வெயிலுக்காக ஜன்னலில் வைத்ததுதான் தப்பு. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த பொன்னையா, அது என்ன என்று கேட்டார். ஜூஸ் போட்டுக் குடிக்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் முகம் மலர்ந்தது. மனைவி மரகதத்துக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். எதைக் கொடுத்தாலும் குமட்டல். கோதுமைப் புல் சாறு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினம் ஒரு பிடி கிடைக்குமா என்று கேட்டார்.

இல்லை என்று எப்படிச் சொல்வாள்?

ஆக, மூன்று வாரமாகப் பூனைக்கும் மரகதம் அம்மாவுக்கும் ஒரே விளைச்சல். கடிபடாத புல்லாகப் பொறுக்கி, அலசித்தான் கொடுத்தாள். சாறு உள்ளே தங்குகிறது, எழுந்து உட்காருகிறாள் என்று பொன்னையா சொல்லும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கும், புல்லை இன்னொரு முறை அலசவும் தோன்றும். இரண்டாவது டப்பா ஒன்று போட்டு பீரோ மேல் வைத்தாள்.

சுக்கு பீரோ மேல் குடியேறியது.

இன்று இரண்டு டப்பாவிலும் கடிபடாத புல் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கீழே ஒருத்தி இதற்காகக் காத்திருக்கிறாள். கத்தரிக்கோலால் நுனிகளை நறுக்கிச் சமன் செய்தாள். மூன்று தண்ணீரில் அலசினாள். கதவைத் திறந்து கிண்ணத்தில் போட்டாள்.

பொன்னையா உடனே போகவில்லை.

ஒரு புல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஒரு பழுப்பு முடி ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் அதைப் பிரித்தெடுத்தார். ஊதிவிட்டார்.

குளியலறைக் கதவைச் சுக்கு உள்ளேயிருந்து பிராண்டியது.

போன முறை வீடு மாறியபோது மழையில், காய்கறிக் கூடையில் சுக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வீடு தேடினாள். கூடைக்குள் அது சத்தமே போடவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இன்னொரு முறை அதை அப்படித் தூக்கிக்கொண்டு இறங்கத் தெம்பில்லை.

அதைவிட, உடம்பு சரியில்லாத மனுஷிக்குப் பூனை வாய் வைத்ததைக் கொடுக்கத் துணிந்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் பொன்னையா குளியலறைப் பக்கம் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

கையை நீட்டச் சொன்னார். கிண்ணத்திலிருந்த புல்லை அவள் இரண்டு கையிலும் கொட்டினார்.

"இத அதுக்கே போட்டுரும்மா. நாளையிலேருந்து எங்களுக்குத் தனி டப்பா. மரகதத்துக்கு எச்சில் ஆகாது."

காலிக் கிண்ணத்தோடு படி இறங்கினார். மூன்று வாரமாக இறங்கும் அதே வேகத்தில்தான் இறங்கினார்.

அவள் அங்கேயே நின்றாள். கதவைப் பிராண்டும் சத்தம் நிற்கவில்லை.

இரண்டு கையிலும் புல்.

தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்தாள்.